இரண்டாவது முட்டி

ஜனவரி 18

இந்த டைரி ரோஸ்லின் போட்ட உத்தரவு. மகள் மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு தூத்துக்குடியில் இருக்கும் என்னை ஆட்டிப் படைக்கிறாள். "அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் தினம் என்ன நடந்துச்சுன்னு எழுதி வைங்கப்பா. டக்ல இருக்கும்போது எழுதினிய இல்ல, அது மாதிரி." நான் துறைமுகத்தில் டக் என்கிற இழுவைப் படகை ஓட்டும் செராங்காக இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வந்து கரையில் சேர்க்கிற வேலை. அங்கே எழுதியது காற்று எப்படி, அலை எப்படி, என்ன கப்பல் வந்தது என்று. முட்டியைப் பற்றி ஒரு மனுஷன் என்ன எழுதுவான்?

சரி, எழுதுகிறேன். முட்டி என் மனைவி ஜெசிந்தாவுடையது. இரண்டும் தேய்ந்துபோய்விட்டன. எக்ஸ்ரேயில் எலும்பின்மேல் எலும்பு உட்கார்ந்திருக்கிறது. நாளை மறுநாள் வலது முட்டியை மாற்றி உலோகத்தில் வைக்கிறார்கள். அது தேறிய பிறகு ஜூன் மாதம் இடது.

"இத ஏழு வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் ரோஸ்லின் போனை வைத்தாள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களை எனக்கும் தெரியும். பாதிப்பேர் இன்னும் நொண்டுகிறார்கள். நான் தைலம் வாங்கிக் கொடுக்கவில்லையா? பெல்ட் வாங்கிக் கொடுக்கவில்லையா? இதை எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

ஜெசிக்கு வேண்டியது ஒன்றுதான். எங்கள் கோயிலில் பாடகர்கள் நிற்பதற்குப் பின்சுவர் ஓரமாக உயரத்தில் ஒரு மாடி இருக்கிறது. அதற்கு ஏறும் மரப்படி குறுகல், செங்குத்து. பெரிய வெள்ளிக்கிழமை பிற்பகலில், இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு தாய் அழுகிற பாட்டை அந்த மாடியில் நின்று பாடுவது குமரியாக இருந்த காலத்திலிருந்தே ஜெசிதான். முட்டி போன பிறகு அவள் மேலே ஏறவில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்து வாயசைப்பாள். "பெரிய வெள்ளிக்கு நான் மேல ஏறிப் பாடணும் டாக்டர். அதுக்குத்தான் இந்தக் கால்" என்று டாக்டரிடமே சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். ஏப்ரலுக்குள் ஏறிவிடலாம், ஆனால் ஆபரேஷன் பாதி, பயிற்சி பாதி என்றார்.

ஜனவரி 20

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மணப்பாட்டிலிருந்து ஜெசியின் தங்கை சலேத் வந்திருந்தாள். அவள் ஜெபமாலை உருட்டினாள், நான் டீ குடித்தேன். இரண்டுமே வேலை செய்திருக்கிறது.

ஜனவரி 21

இன்றைக்கே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

நிற்க வைத்தது ஒரு பிசியோதெரபி பிள்ளை. பெயர் சண்முகப்பிரியா. கை இரண்டும் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது, ஆனால் பிடி இரும்பு. வீட்டுக்கும் அவளேதான் வருவாளாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அங்கிள், ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க. படுத்திருக்கும்போது குதிகாலுக்குக் கீழ துண்ட மடிச்சு வைங்க. முட்டிக்குக் கீழ தலையணை வைக்கவே கூடாது."

"ஏன், அது மெத்துன்னு இருக்குமே?"

"அதனாலதான். வச்சா வலி குறையும், சுகமா இருக்கும். அப்படியே மடங்குன வாக்குல முட்டி இறுகிடும். அப்புறம் நீட்டவும் முடியாது, முழுசா மடக்கவும் முடியாது. முதல் ஆறு வாரந்தான் நமக்கு டைம்."

சரி என்று தலையாட்டினேன். ஒரு துண்டு மடிக்க எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

ஜனவரி 25

வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டேன். சலேத் ஒரு வாரம் இருக்கிறேன் என்றாள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். "அத்தான், ஒங்களுக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது. ஜெசி ஒரு வாய் குடித்துவிட்டு, "மஸ்கட்டுக்கே கேட்டிருக்கும் நான் மொகம் சுளிச்சது" என்றாள். ரொம்ப நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

ஜனவரி 27

பிசியோ பிள்ளை வந்தது. கட்டில் ஓரத்தில் ஜெசியை உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்துப் பின்னால் தள்ளியது. ஜெசி கத்தினாள்.

டக்கில் இரும்புக் கயிறு அறுந்து வீசியதைப் பார்த்திருக்கிறேன். கயிறு கட்டுகிற கலாசி ஒருவனின் விரல் போனதைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மடங்கிய கோணம் அறுபது. போகப் போகக் கூடுமாம். படியேறத் தொண்ணூறாவது வேண்டும் என்றது பிள்ளை. எழுதி வைக்கச் சொன்னது, எழுதிவிட்டேன்.

ஜனவரி 30

விடியற்காலையில் பால் வாங்க எழுந்தபோது ஜெசி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"எப்பமிருந்து வலிக்கி?"

"கொஞ்ச நேரமா."

"என்னை எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பி என்ன செய்யப் போறிய?"

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் எப்போதும் இப்படித்தான் அழுவாளா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நான் படுத்தால் அடித்துப் போட்டது போலத் தூங்குகிறவன்.

என் தலையணையை எடுத்து அவள் முட்டிக்குக் கீழே வைத்தேன். "அந்தப் பிள்ள வேண்டாம்னுச்சே" என்றாள். பேசாமல் படு என்றேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. குறட்டைகூட விட்டாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் வாங்கப் போகவில்லை, கடுங்காப்பிதான்.

ஒரு தலையணையில் என்ன வந்துவிடும்.

பிப்ரவரி 1

பிள்ளை வருகிற நேரத்துக்குத் தலையணையை எடுத்து பீரோவுக்குள் வைத்துவிட்டேன். குதிகாலுக்குக் கீழே துண்டு. பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது.

அளந்து பார்த்துவிட்டுப் பிள்ளை புருவத்தைச் சுருக்கியது. "கால் நீளுறது போன தடவையவிடக் குறைஞ்சிருக்கே. தலையணை ஏதும் வச்சீங்களா அங்கிள்?"

"இல்லையே."

ஜெசி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 5

காலை இட்லி, மத்தியானம் சாளைக் குழம்பு, சாயங்காலம் சூப். எல்லாம் கட்டிலுக்கே போய்விடும். கழிப்பறைக்கு நடக்க வேண்டாம் என்று ஓட்டை போட்ட நாற்காலி வாங்கிக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாயிற்று. அதைக் கழுவுவதும் நான்தான். வாக்கர் கதவு மூலையில் நிற்கிறது. துணி காயப் போட வசதியாக இருக்கிறது.

எதிர்வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, "ஜெசியக்கா குடுத்து வச்சவ. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, தண்ணி மோந்து குடிக்காது" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று ஏன் எழுத வேண்டும்?

கல்யாணமான நாளிலிருந்து கோயிலுக்கோ கடைக்கோ போனால் நான் முன்னால் போவேன், அவள் பின்னால் வந்து சேருவாள். எனக்கு மெதுவாக நடக்க வராது. இப்போது நாள் முழுக்க அவள் பக்கத்திலேயே இருக்கிறேன். ஜெசி நிறையப் பேசுகிறாள். ரோஸ்லின் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததையெல்லாம் சொன்னாள். எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. நான் அப்போது துறைமுகத்தில் இருந்தேன்.

பிப்ரவரி 8

இன்றைக்குச் சண்டை போட்டுவிட்டேன். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? பிள்ளை காலை அமுக்க அமுக்க ஜெசி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிறாள். உதட்டைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது.

"விடும்மா காலை. இது என்ன வீடா, போலீஸ் ஸ்டேஷனா?"

"அங்கிள், இந்த வலி இல்லாம வராது. நான் வேணும்னேவா பண்றேன்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. அவ அழுவுறா."

"அழுவட்டும் அங்கிள். இப்ப அழுதாத்தான் பின்னால அழாம இருப்பாங்க."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. இனி வர வேண்டாம், பயிற்சியை நானே செய்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிள்ளை பையை எடுத்துக்கொண்டு ஜெசியைப் பார்த்தது. "ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க" என்றது. ஜெசி என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 9

நானே செய்து விட்டேன். காலைப் பிடித்து மெதுவாக மடக்கினேன். "ஆ" என்றாள், விட்டுவிட்டேன். கத்தல் இல்லை, அழுகை இல்லை. பிறகு நல்லெண்ணெய் சூடு பண்ணிப் பாதத்தில் தேய்த்து விட்டேன்.

பிப்ரவரி 12

செய்தோம்.

பிப்ரவரி 15

"அந்தப் பிள்ளைய ஒரு தடவ வரச் சொல்லுவமா?" என்று ஜெசி கேட்டாள்.

வீக்கம் வடியட்டும், பார்ப்போம் என்றேன். சரி என்றாள். ஒரு விஷயத்தை இரண்டாவது முறை சொல்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. முட்டிக்கு ஆபரேஷன் வேண்டும் என்பதையும் அப்படித்தான் கேட்டாள், வருஷத்துக்கு ஒரு தடவை, சந்தியாகப்பர் திருவிழா முடிந்து கால் வீங்கிப் போய்ப் படுத்திருக்கும்போது. பார்ப்போம் என்பேன். சரி என்பாள்.

பிப்ரவரி 21

ரோஸ்லின் வீடியோவில் அம்மா நடப்பதைக் காட்டச் சொன்னாள். என் போனில் கேமரா சரியில்லை என்றேன். "முகம் தெரியுதே, கால் மட்டும் எப்படித் தெரியாது?" என்றாள். விடாமல் துருவுவதில் அவள் ஜெசியின் மகள் இல்லை, என் மகள்.

வாக்கரில் நடக்க வைத்துப் பார்த்தேன். குதிகால் தரையில் படவில்லை. முன்பாதத்தை மட்டும் ஊன்றி விந்தி விந்தி நடக்கிறாள். புதுச் செருப்பு கடிப்பது போலத்தான், பழகினால் சரியாகிவிடும்.

கோணம் எழுதவில்லை. அளக்கும் கருவி பிள்ளையிடம் இருக்கிறது.

மார்ச் 4

டாக்டரிடம் போனோம். காலைப் பிடித்து மடக்கினார். எழுபதில் நின்றுவிட்டது. நீட்டச் சொன்னார். முட்டிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழுத் தேங்காயை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. டாக்டர் முகம் மாறிவிட்டது.

"மூட்டு இறுகிப் போச்சு. பயிற்சி நடந்த மாதிரியே இல்லையே. பிசியோ வரலையா?"

நான் தொண்டையைச் செருமினேன். ஜெசி முந்திக்கொண்டாள். "நான்தான் வலி தாங்காம வரண்டாம்னுட்டேன் டாக்டர்."

"முட்டிக்குக் கீழ தலையணை வச்சுப் படுத்தீங்களா?"

"ஆமா. நான்தான் வச்சுக்கிட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டினார். படிக்காத ஜனங்களே சொன்னதைக் கேட்கிறார்கள், உங்களுக்கு என்ன என்று கேட்டார். இவ்வளவு நல்ல ஆபரேஷனை வீணடித்துவிட்டீர்கள் என்றார். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். மயக்கம் கொடுத்து ஒருமுறை காலை மடக்கி விட்டுப் பார்க்கலாம், முழுதாகச் சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார்.

அந்த இடத்தில் நான் ஏதாவது பேசியிருக்கலாம். வெளியே நிறைய நோயாளிகள் காத்திருந்தார்கள். டாக்டருக்கும் அவசரம்.

ஆட்டோவில் வரும்போது, "ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா என்ன, கால் ஒண்ணுதானே" என்றாள்.

மார்ச் 5

திருநீற்றுப் புதன், தவக்காலத் தொடக்கம். நான் மட்டும் கோயிலுக்குப் போய் வந்தேன். மாடியில் புதுப் பாட்டுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் 10

மயக்கம் கொடுத்து மடக்கி விட்டார்கள். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததெல்லாம் பட்பட்டென்று விட்டுப்போகிற சத்தம் கேட்கும் என்று நர்ஸ் சொன்னாள். ஏன் சொன்னாளோ. என் காதில் விழவில்லை, ஆனாலும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சண்முகப்பிரியாவுக்கு நானே போன் போட்டேன். அன்றைக்குக் கோபத்தில் பேசிவிட்டேன் என்றேன். நாளைக்கு வருகிறேன் அங்கிள் என்று மட்டும் சொன்னது. இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 12

பயிற்சி நேரத்தில் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரே கத்தரிக்காயை எத்தனை தடவை புரட்டிப் பார்ப்பது? காய்க்காரன், "அண்ணாச்சி, காயா வாங்குதிய, கல்யாணத்துக்குப் பொண்ணா பாக்கிய?" என்கிறான்.

மார்ச் 19

சீக்கிரம் திரும்பிவிட்டேன். தெருமுனையிலேயே அவள் சத்தம் கேட்டது. உள்ளே போகக் கூடாது என்றுதான் வாசலில் நின்றேன். எப்படி உள்ளே போனேன் என்று தெரியவில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு இது போதும்மா, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெசி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, போதும்" என்றாள்.

பிள்ளை காலைக் கீழே வைத்தது. தொண்ணூறுக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்திருந்தோம் என்று மட்டும் சொன்னது.

ஏப்ரல் 2

கம்பு ஊன்றி நடக்கிறாள். வலி முன்பு போல இல்லை. அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கால் நீளவில்லை, மடங்குவதும் தொண்ணூறை எட்டவில்லை, இடுப்பைச் சாய்த்துத்தான் நடக்கிறாள். ஆபரேஷனுக்கு முன்னால் அவளுக்கு வலி இருந்தது, நொண்டல் இல்லை. இப்போது வலி இல்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மத்தியானமே போய்விடுவோம், ஆள் வருவதற்கு முன் மெதுவாக ஏறிவிடலாம் என்று ஜெசி சொன்னாள். கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். கோயிலில் பீடத்துத் துணியெல்லாம் எடுத்து வெறிச்சென்று இருந்தது.

இடது காலை முதல் படியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். வலது காலைத் தூக்கினாள். அது படிக்கு வேண்டிய அளவு மடங்கவில்லை. விறைத்தபடி பக்கவாட்டில் வீசிப் படியில் வைத்தாள். இரண்டாவது படி. மூன்றாவது படி. இடதும் தேய்ந்த முட்டிதானே, அது எவ்வளவு தாங்கும்? நடுங்க ஆரம்பித்தது. கீழே நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"நான் தூக்கிட்டுப் போறேன் ஜெசி."

"வேண்டாம்."

"பையங்க ரெண்டு பேரக் கூப்பிடுதேன், நாற்காலில வச்சு..."

"வேண்டாங்க. சவத்தையா தூக்குதிய?"

மேலே பார்த்தாள். பிறகு பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பாட்டை மேலே வேறொரு பெண் பாடினாள். நல்ல குரல்தான். முன்பெல்லாம் கீழே இருந்தாலும் ஜெசி வாயசைப்பாள். இன்றைக்கு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தோம். அவள் தூங்கிய பிறகு கொல்லையில் நின்று அழுதேன். எனக்கு அழத் தெரியும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 30

இடது முட்டிக்கு ஜூன் பதினாறு என்று டாக்டர் தேதி கொடுத்தார். அந்தக் கால் நன்றாக அமைந்தால் வலதையும் அது தாங்கிக்கொள்ளும், படிகூட ஏறலாம் என்றார். "இந்தத் தடவையாவது சொன்னபடி நடந்துக்கணும்மா" என்று அவளிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மே 3

இன்று காலை ஜெசி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "ஆபரேஷன் முடிஞ்சு நான் மணப்பாட்டுக்குப் போறேன். சலேத்து வீட்டுல இருந்துக்கிடுதேன். அங்க ஒரு பிசியோ இருக்காராம்."

"அப்ப நானும் வாறேன்."

"நீங்க வரண்டாம்."

கீரைத் தண்டை முறித்துப் போட்டாள். நான் எழுந்து நின்றேன்.

"நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன்? ஒன் மூத்திரச்சட்டியக் கழுவுனேன். சோறு பொங்குனேன். ஊரே சொல்லுச்சு."

"ஒங்க மேல கோவம் இல்லங்க."

"பின்ன?"

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ரோஸ்லின் படித்தாலும் சரி. "இத்தன வருஷத்துல நீங்க எம் பக்கத்துல வந்து உக்காந்ததே இப்பதான். அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நீங்க தலையணைய வச்சது தப்புன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையப் போகச் சொன்னதும் தப்புன்னு தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். வேண்டாம்னு சொன்னா எந்திரிச்சிப் போயிருவியளோன்னு. நீங்க பக்கத்துல இருந்தா நான் மறுபடியும் போதும்னு சொல்லிருவேன். இந்தக் கால் எனக்கு வேணும்."

நான் சட்டையைப் போட்டுக்கொண்டு துறைமுகம் வரை நடந்தேன். உள்ளே விடமாட்டார்கள், பாஸ் இல்லை. வெளியே நின்றுவிட்டு வந்தேன்.

மே 4

நன்றி கெட்டவள்.

மே 5

நேற்று எழுதியதை அடிக்க வேண்டும். பேனாவை எடுத்தேன், அடிக்க மனம் வரவில்லை. எழுதினவன் யார் என்று தெரியட்டும்.

ஜூன் 16

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் தண்ணீர் கேட்டாள். பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். அது மட்டும் செய்யலாம் என்று நர்ஸ் சொன்னாள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரை நடைபாதையில் நிறுத்தி, போன தடவை தலையணை வைத்தது நான், பிசியோவை நிறுத்தியதும் நான், அவள் இல்லை என்றேன். அவருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. எந்த நோயாளி என்று கேட்டார். சொன்னேன். "சரி சரி, இனிமே பாத்துக்கங்க" என்று அடுத்த அறைக்குள் போய்விட்டார்.

ஜூன் 21

சலேத் கார் கொண்டுவந்து அழைத்துக்கொண்டு போனாள். வாக்கர், மாத்திரை, துண்டு எல்லாம் நான்தான் கட்டி வைத்தேன். தலையணை எதுவும் வைக்கவில்லை. கார் கிளம்பும்போது ஜெசி, "கேஸ மூடிட்டுப் படுங்க" என்றாள்.

ஜூன் 23

ரசம் வைத்தேன். நன்றாகவே வந்தது. குடிக்க ஆள் இல்லை.

ஜூன் 26

சலேத்திடம் போனில் கேட்டேன். "கால் நேரா நீளுது அத்தான். குதிகால் தரையில படுது. தெனம் நெறைய அழுதா. ஆனா விடமாட்டேங்கா, இன்னும் மடக்குங்கன்னு அவளே சொல்லுதா." எப்போது வரலாம் என்று கேட்டேன். அக்கா சொல்லுவா அத்தான் என்றாள்.

ஜூலை 1

சொல்லவில்லை. இருந்தாலும் இன்று மணப்பாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். உள்ளே போகப் போவதில்லை, பழத்தைச் சலேத்திடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடல் பார்த்த தெருவில் கடைசி வீடு சலேத்துடையது. வெயிலுக்குத் தெருவில் ஒருவரும் இல்லை. கேட்டில் கை வைத்தபோது உள்ளே பயிற்சி தொடங்கியிருந்தது. ஆண் குரல் ஒன்று, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது. சலேத், விடாதக்கா, மூச்ச இழுத்துப் பிடி என்றாள். பிறகு ஜெசியின் குரல். முதலில் முனகல், பிறகு அழுகை. மாதாவைக் கூப்பிட்டாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டாள்.

கேட்டுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். மேலே கைவிட்டால் எட்டும். என் கை அதன்மேல்தான் இருந்தது. முதல் முட்டிக்கே இப்படி நின்றிருக்க வேண்டும். அன்றைக்கு என்னால் இப்படி நிற்க முடியாமல் போனதற்கு அவள் அழுகை மட்டும் காரணமில்லை. அதற்கு முந்தின எத்தனையோ வருஷ அழுகையை நான் கேட்கவில்லை, அதையும் சேர்த்து அன்றைக்கே நிறுத்திவிடப் பார்த்தேன்.

"ஏங்க" என்று ஜெசி கூப்பிட்டாள்.

நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. வலியில் வாயில் வந்த சொல்தான். "ஏங்க, ஏங்க" என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். எனக்கு ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும் வரை வெளியிலேயே நின்றேன்.